பை வைத்த சட்டை

நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. எழுபத்தொன்பதில் பீரோக் கதவு கிறீச்சிடுகிறது, அந்துருண்டை வாசனை முகத்தில் அடிக்கிறது, அடுத்த எண் எங்கோ நழுவிவிடுகிறது. எழுபத்திரண்டு. அதுதான். எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. நரம்பு டாக்டர் இப்படித்தான் கேட்பாராம். மருமகள் சுபாஷிணி நேற்றே போனில் சொல்லிவிட்டாள். 'சும்மா நாலு கேள்வி அத்தை, பயப்படாதீங்க. இன்னைக்கு என்ன கிழமை, இது எந்த ஊரு, நூத்துலேருந்து ஏழு ஏழா குறைச்சிக்கிட்டே வாங்க, அவ்வளவுதான்.' கேள்வித்தாளை முதல் நாளே வெளியில் விட்ட பரீட்சையை நான் கல்லூரியில்கூட எழுதியதில்லை. இன்று சனிக்கிழமை. ஊர் வேலூர். கத்திரி பிறந்து ஒன்பதாவது நாள். என் பெயர் மரகதவல்லி, வயது எழுபத்தாறு, கணவர் தணிகாசலம் இறந்து நான்கு வருடம். அவ்வளவுதான் என்கிறாள் அவள். அந்த அவ்வளவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓசூரைத் தாண்டி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் படங்களைச் சுபாஷிணிக்கு அனுப்புவதாக நினைத்து என் மகன் உமாபதி எனக்கே அனுப்பிவிட்டான். புல்தரை, ஊஞ்சல், வரிசையாக நாற்காலிகளில் ஒன்பது பெண்கள், ஒன்பது பேரும் ஒரே ரோஸ் நிற நைட்டியில். அனுப்பிய ஒரு நிமிடத்தில் அழித்தான். அதற்குள் நான் எண்ணிவிட்டேன். டாக்டர் தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும், பத்தாவது நைட்டி எனக்கு, இந்த மாடி வீட்டுக்குப் பூட்டு. மணி எட்டே முக்கால். பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். குளித்துவிட்டு, உள்பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, குளித்த ஈரம் காய்வதற்குள் அதன் மேலேயே வியர்வை ஊற, பீரோவுக்கு முன்னால் நிற்கிறேன். இன்று நான் எதை உடுத்திப் போகிறேனோ அதுதான் முதல் விடை. கழித்தல் கணக்குக்கு முன்பே, கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே நுழையும்போதே, அவர் மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவார்.

எல்லாம் போன வியாழக்கிழமையால். காலை ஒன்பதிலிருந்து மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், சொன்னபடி ஒன்பதுக்கே போய்விட்டது. இந்த ஊர் மலைகள் மொட்டைப் பாறை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் நம் மேல் ஊதும். பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரியின் நெற்றி. அப்போது நான் என் வீட்டுக்காரருடைய வெள்ளை அரைக்கைச் சட்டையையும் நாலு முழ வேட்டியையும் உடுத்திக்கொண்டு, இரண்டு தலையணை உறைகளை எடுத்துக்கொண்டு, பதினெட்டுப் படி இறங்கி, புங்க மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டிக்குப் போனேன். போனேன், அதில் சந்தேகமில்லை. முனிரத்தினம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். 'இன்னாம்மா, ஐயா சட்டையா?' 'ஆமாம்பா.' 'நல்லாத்தான் கீது. காத்தாட கீறீங்க. நான்தான் இங்க நெருப்பு மேல நின்னுகினு கீறேன்.' சிரித்தேன். அவனும் சிரித்தான். 'காலரு நான் தேச்சதாச்சே, மடிப்பு பாத்தா தெரியாதா? போன வாரம் குடுத்தீங்களே.' ஆமாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். இங்கேதான் சிக்குகிறது. அவருடைய சட்டையைப் போன வாரம் இஸ்திரிக்கு நான் கொடுத்தேனா? எதற்குக் கொடுத்தேன்? செத்தவர் சட்டைக்கு மடிப்பு எதற்கு? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், அந்த இடத்தில் வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது. எதிர்வீட்டில் யாரோ பால்கனியிலிருந்து ஒரு படம் எடுத்துத் தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள், பாவம் இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு, பிள்ளைக்கு யாராவது சொல்லுங்கள் என்று. அரை மணி நேரத்தில் அது பெங்களூர் போய்ச் சேர்ந்தது. உமாபதி போனில் அழுதான், நிஜமாகவே அழுதான். 'அம்மா, அப்பா சட்டைய மாட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கிறியேம்மா.' அந்தப் படத்தைக் கீழ்வீட்டுப் பரிமளாவிடம் கேட்டு வாங்கி நானும் பார்த்தேன். இலை நிழல் தோளில் விழ, ஒரு கை வண்டியின் மேல் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. நன்றாகத்தான் இருந்தாள். என் கல்யாணப் படத்தில்கூட நான் அவ்வளவு சுகமாக நின்றதில்லை.

சுகம் என்ற சொல்லை எழுதிக் காட்டச் சொன்னால் நான் ஓர் ஓசையைத்தான் எழுதுவேன். தணிகாசலம் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, செருப்பை விட்டு, சட்டையைத் தலைக்கு மேல் உருவி ஆணியில் மாட்டும்போது விடும் அந்த 'ஹா'. நாற்பத்தேழு வருடம் கேட்டேன். வெற்று உடம்போடு மின்விசிறிக்கு அடியில் கைகளை விரித்துக்கொண்டு நிற்பார், காயப்போட்ட துணி மாதிரி. 'வேலூர்ல மனுஷன் சட்டை போடுவானா மரகதம்?' என்பார். நான் காப்பியை நீட்டுவேன். காப்பியை நீட்டுகிறவள் உடம்பில் உள்பாடி, அதன் மேல் இறுக்கிப் பிடித்த ரவிக்கை, கீழே உள்பாவாடை, அதன் நாடா, அதன் மேல் சுற்றிச் சுற்றி ஆறு கஜம், முந்தானை நழுவாமல் ஓர் ஊக்கு. நல்ல மனுஷர். கேட்டிருந்தால் அவரும் விசிறியிருப்பார். கேட்கத்தான் தோன்றவில்லை, எனக்கும் அவருக்கும். ஒரு காலத்தில் நைலக்ஸ் புடவை வந்தது. கசங்காது, துவைத்து உதறினால் காய்ந்துவிடும், எல்லோரும் கட்டினோம், பாலிதீன் பைக்குள் கட்டி வைத்த கீரை மாதிரி வெந்தோம். பிள்ளை பெற்ற ஆறாம் நாள் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் வருகிறவர்களுக்கு. முதுகெல்லாம் வேர்க்குரு, படுத்தால் ஆயிரம் ஊசி. இப்போது இடுப்பில் இருக்கிறதே இது, கையை வைத்தால் தெரிகிறது, ஒரு வாய்க்கால். பதினெட்டு வயதில் நாடா கட்டியது, ஐம்பத்தெட்டு வருடம் ஒரே இடத்தில் அறுத்து அறுத்து, கறுத்து, தடித்து, சென்ற மாசி மாதம் ஒரு பக்கம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. தோல் டாக்டர், சின்னப் பெண், தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். 'இனிமே இங்க நாடா படவே கூடாதும்மா. தளர்த்திக் கட்டுங்க.' தளர்த்திக் கட்டினால் புடவை இறங்குகிறது, புடவை இறங்கினால் படியில் கால் சிக்குகிறது, விழுந்தால் வயசாகிவிட்டது என்பார்கள். இடுப்பில் சொருகிய சாவி நழுவுகிறது. சுபாஷிணி வாங்கித் தந்த வழவழப்புப் புடவைகளில் மூன்று முறை நழுவியது, படியில் ஒரு தரம், மார்க்கெட்டில் ஒரு தரம், எங்கே என்று தெரியாமலே ஒரு தரம். 'அம்மா மூணு வாட்டி சாவியத் தொலைச்சிட்டாங்க' என்று அதுவும் கணக்கில் ஏறிவிட்டது, என் மறதிக் கணக்கில். புடவையின் கணக்கில் யாரும் ஏற்றவில்லை.

கதவு தட்டப்படுகிறது. 'பெரியம்மா, நான்தான்.' பரிமளாவேதான், கையில் மூடி போட்ட கிண்ணம், நைட்டி, நைட்டியின் மேல் துண்டு. இதுதான் இந்தத் தெருவின் சட்டம். நைட்டியோடு வாசலுக்கு வரலாம், மளிகைக் கடை வரை போகலாம், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றலாம், மார்பின் மேல் ஒரு துண்டு கிடந்தால் போதும், குளித்துத் துவட்டிய துண்டாக இருந்தாலும் சரி. நாற்பத்தொரு டிகிரியில் கழுத்து வரை மூடிய பாலியெஸ்டர் நைட்டி, அதன் மேல் ஒரு டர்க்கி டவல். அதை யாரும் படம் எடுப்பதில்லை. 'இட்லி கொண்டாந்தேன். சுபா அக்கா போன் பண்ணாங்க. அந்த மாம்பழக் கலர் புடவையக் கட்டிவிடச் சொன்னாங்க. டாக்டர் பாத்தா பளிச்சுனு இருக்கணுமாம்.' 'நானே கட்டிக்கிறேன் பரிமளா.' 'கோவமா பெரியம்மா என் மேல? அந்தப் படத்த நான் போடல, சத்தியமா.' 'நீ போடல. உனக்கு வந்துச்சு, நீ பெங்களூருக்கு அனுப்பின.' அவள் துண்டின் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா வியர்வையா, இந்த மாதத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. 'பயந்துட்டேன் பெரியம்மா. எங்க சித்தி இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு நாள் பாவாடையோட பஸ் ஸ்டாண்டு போய் நின்னுச்சு. அப்புறம் எங்களையே யாருன்னு கேட்டுச்சு.' நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது ஆறுதல் சொல்லவா, ஆறுதல் தேடவா என்று எனக்கே தெரியவில்லை. 'உனக்குப் புழுங்கலையா இந்தத் துண்டு?' என்று கேட்டேன். 'புழுங்காம? வெந்து சாவுறேன்.' 'எடுத்துடேன்.' 'ஐயய்யோ, எதிர்வீட்டுல இருக்காங்க பெரியம்மா,' என்று சிரித்துவிட்டு, துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். படியில் அவள் செருப்பின் டப் டப்பை எண்ணினேன், பதினெட்டு. எண்ண வருகிறது. பார், எண்ண வருகிறது.

ஒன்பதே கால். பீரோவில் எல்லாம் இருக்கிறது, ஒன்றும் இல்லை. பட்டு வேண்டாம், அது நெருப்பு. கஞ்சி போட்ட பருத்திப் புடவைகள் நிமிர்ந்து நிற்கின்றன, பார்க்க அழகு, உள்ளே அதே நாடா. சுங்குடி மெத்தென்றிருக்கும், அதற்கும் நாடா. சுபாஷிணி ஆசையாக வாங்கி வந்த சுடிதார் ஒன்று, உள்ளே லைனிங் துணி, கை பிடிப்பாக, கால்சட்டைக்கு நாடா. பெண் உடம்பைக் கண்டாலே ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நைட்டி இரண்டு இருக்கிறது. அதைத் தொடும்போது ஒன்பது பெண்களும் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்க்கிறார்கள். சரி, மாம்பழக் கலர். கட்டிக்கொண்டுதான் போவோமே. ஒரே ஒரு காலை நேரம். புடவை கட்டின பைத்தியம் உண்டா? பளிச்சென்று போய், சனிக்கிழமை, வேலூர், தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உருவிப் போட்டால் போகிறது. இப்படித்தானே வாழ்ந்தோம். பாவாடையை இடுப்புக்கு இறக்கி நாடாவை இழுக்கிறேன், புண் சுரீர் என்கிறது. வலது இடுப்பில் முதல் சொருகல். ஒரு சுற்று. இருபதாயிரம் தடவைக்கு மேல் செய்த காரியம், கை தானே போகும். இடது கையில் கொசுவத்தின் முதல் மடிப்பு, கட்டைவிரல், சுண்டுவிரல், கட்டைவிரல், சுண்டுவிரல், ஒன்று, இரண்டு, மூன்று, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, துணி வழுக்குகிறது, எழுபத்தொன்பது, எத்தனை மடிப்பு ஆயிற்று, எழுபத்தொன்பதா, ஐந்தா, முந்தானையைப் போட்டேனா, போட்டுவிட்டுத்தானே கொசுவம், இல்லை கொசுவத்துக்கு அப்புறமா, குனிந்து பார்க்கிறேன், முந்தானை இல்லை, தோள் வெறுமையாக இருக்கிறது, கை நின்றுவிட்டது. கண்ணாடியில் ஒரு கிழவி கை நிறையத் துணியைப் பிடித்துக்கொண்டு யாரோ வந்து எடுத்துப் போகட்டும் என்பதுபோல் நிற்கிறாள். அடுத்து என்ன? அடுத்து ஏதோ ஒன்று. எதையோ எங்கேயோ சொருக வேண்டும். தெருவில் காய்கறி வண்டியின் குரல் கேட்கிறது, முருங்கைக்காய், கத்திரிக்காய். அந்தச் சொற்களின் பொருள் எல்லாம் எனக்குத் தெரிகிறது, இந்தத் துணி மட்டும் தெரியவில்லை. எவ்வளவு நேரம்? கடிகாரம் ஒன்பது இருபத்திரண்டு. பிறகு விரல் விட்டுவிட்டது, மடிப்பெல்லாம் சரசரவென்று காலடியில் கொட்டியது. அந்தச் சத்தத்தில் எல்லாம் திரும்பி வந்தது, முந்தானைதான் முதலில், மடைச்சி, முந்தானை, பிறகுதான் கொசுவம்.

உட்கார்ந்துகொண்டேன். கட்டிலின் விளிம்பு சுடுகிறது. அப்படியானால் உண்மைதானா? மற்ற எல்லாரும் எனக்கு முன்பே படித்துவிட்ட கடிதத்தை நான் கடைசியாகப் பிரிக்கிறேனா? வியாழக்கிழமை நானாக விரும்பித்தான் உடுத்தினேன் என்று இத்தனை நாள் எனக்கே வாதாடினேனே, மின்தடை, புழுக்கம், புண், சாவி என்று. அதெல்லாம் பின்னால் தைத்த காரணங்களோ? பீரோவைத் திறந்த கை எதையோ எடுத்து மாட்டியதோ? பரிமளாவின் சித்தி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவளும் காற்றாட நிற்பதாகத்தான் நினைத்தாளோ? பயம் என்பது வயிற்றில் இல்லை, மூட்டுகளில் இருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. மாமியார் இருந்திருந்தால் என் கணவர் போன பத்தாம் நாளே எனக்கு வெள்ளையைக் கட்டியிருப்பாள், வாழ்நாளெல்லாம் வெள்ளை. அதைத் தப்பித்தேன் என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது நானாக வெள்ளையை எடுத்தால் டாக்டர் வருகிறார். இந்த ஊரில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டிதான் எல்லாவற்றிலும் பெரிய மரியாதை. கல்யாண மண்டபத்தில் அதைப் பார்த்தவுடன் முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். அதே சட்டை, அதே வேட்டி, அதே பீரோ. அவர் உடுத்தினால் நாற்காலி, நான் உடுத்தினால் நரம்பு டாக்டர். இதை நினைத்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் எழுந்திருக்க முடிந்தது.

சட்டை கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது, வியாழக்கிழமை சாயங்காலம் துவைத்து மாட்டியது. புடவையைக் காலால் தள்ளிவிட்டுப் போய் அதை எடுத்தேன். நாடாவை அவிழ்த்தேன், ஹா. வேட்டி இடுப்பை அகலமாகப் பிடித்துக்கொள்கிறது, அறுப்பதில்லை. சட்டைக்குள் கையை விட்டேன், தோள் எனக்குக் கொஞ்சம் பெரிது, அந்தப் பெரிதில்தான் காற்று நடமாடுகிறது. மேலிருந்து பட்டன் போட்டுக்கொண்டே வந்தேன், ஒன்று, இரண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் விரலில் ஏதோ இடித்தது. சட்டைப் பட்டிக்கு உள்பக்கம், வெளியில் தெரியாமல், குண்டுமணி அளவில் ஒரு டிச் பட்டன். அழுத்தினேன். டிச். விட்டேன். டிச். ஆம்பளைச் சட்டையில் இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் டிச் பட்டன் எதற்கு? ஆம்பளைக்குத் தேவை இல்லை. மார்பு உள்ளவளுக்குத்தான் அந்த இடம் விலகும், உட்கார்ந்தால் திறந்துகொள்ளும், எதிரில் இருப்பவன் கண் போகும். அந்த இடத்துக்காக யோசித்து, அளந்து, வெளியே தெரியாமல் யாரோ தைத்திருக்கிறார்கள். ஜன்னலருகே போனேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பச்சை நூல். என் கரும்பச்சை ரவிக்கைக்கு வாங்கிய நூல். ஒவ்வொரு துளைக்கும் மூன்று தரம் சுற்றி, கடைசியில் இரட்டை முடிச்சு, முடிச்சைத் துணிக்கு அடியில் ஒளித்து. பள்ளியில் தையல் டீச்சர் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்த முடிச்சு, அறுபது வருடமாக நான் வேறு மாதிரி போட்டதில்லை. இது நான். ஊசியில் நூல் கோக்க எனக்கு இப்போது அரை மணி நேரம் ஆகும், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நூலை நக்கி, தப்பி, மறுபடி நக்கி. அந்த அரை மணி நேரம் எங்கே போயிற்று? அதற்கப்புறம் தைத்த நேரம்? தைத்ததை இஸ்திரிக்குக் கொண்டுபோன காலை? ஒன்றும் இல்லை, வெள்ளைச் சுவர். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் பட்டன் இருக்கிறது. நான் முடிவு செய்திருக்கிறேன், வியாழக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே, மின்தடைக்கு முன்பே, உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறேன். பிறகு முடிவு செய்ததை மறந்திருக்கிறேன். இரண்டும் உண்மை. இரண்டும் இந்தச் சின்ன உலோகத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. டிச். சிரித்தேனா அழுதேனா, இந்த மாதத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார்க் கதவு இரண்டு தரம் சாத்திக்கொள்ளும் ஓசை. தலையை வாரி முடிந்திருந்தேன், பவுடர் போட்டிருந்தேன், வேட்டியின் கரை நேராக இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். உமாபதி கதவில் நிற்கிறான், ஜீன்ஸ், முதுகில் ஒட்டிப்போன டி ஷர்ட், மேலுதட்டில் வியர்வை. ஒரு நொடி அவன் அப்பாவைப் பார்த்திருப்பான், பாவம். 'அம்மா, இன்னைக்காவது வேண்டாம்மா.' 'இன்னைக்குத்தான்டா வேணும்.' அவனுக்குப் பின்னாலிருந்து சுபாஷிணி, 'அத்தை, அந்த மாம்பழக் கலர் எங்க? டாக்டர் என்ன நினைப்பாரு?' என்றாள். 'அவரும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருப்பாரு, பாரேன்.' அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, தன் துப்பட்டாவை உருவி என் மேல் போட வந்தாள். 'மேலயாவது இதப் போட்டுக்கோங்க.' நல்ல பெண். துப்பட்டாவை வாங்கி மடித்து அவள் தோளிலேயே வைத்தேன். 'வேண்டாம்மா. நீ போட வர்ற இடத்துல நானே பட்டன் வெச்சிருக்கேன்.' உமாபதியைக் கூப்பிட்டு, சட்டையின் பட்டியைத் திருப்பிக் காட்டினேன். 'இது நான் தைச்சது உமா. எப்ப தைச்சேன்னு தெரியல. சத்தியமா ஞாபகம் இல்ல.' அவன் முகம் இறங்கிவிட்டது. நான் இதைச் சொல்வேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, மறைப்பேன் என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். 'இதை டாக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன், நீ சொல்றதுக்கு முன்னாடி. காலையில புடவை கட்டத் தெரியாம நின்னேன், அதையும் சொல்றேன். மறக்கிறேன், அதுக்கு மாத்திரை இருந்தா குடுக்கட்டும். ஆனா எனக்கு என்ன உடுத்தணும்னு எனக்குத் தெரியுது. அதுக்கு மாத்திரை குடுக்க வேண்டாம்னு சொல்லப் போறேன்.' 'அம்மா, அவரு உன்ன...' என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். 'ஓசூர் படத்துல ஊஞ்சல் நல்லா இருந்துச்சு,' என்றேன். அதற்கப்புறம் அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை நீட்டி அதை ஒரு தரம் அழுத்தினான். டிச். சின்ன வயதில் என் பர்ஸை எடுத்து இப்படித்தான் திறந்து மூடிக்கொண்டிருப்பான், அடிக்கும் வரை விடமாட்டான். 'வெளிய தெரியவே இல்ல,' என்றான் மெதுவாக.

வெளியே வந்தோம். பத்து மணி வெயில் படியில் வெள்ளைப் பாயாக விரித்துக் கிடக்கிறது. கதவைச் சாத்தினேன். 'சாவியக் குடும்மா, நான் பூட்டுறேன். உனக்குத் தொலைஞ்சிடும்,' என்று உமாபதி கையை நீட்டினான். கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு, அப்படித்தான் நீட்டுவான், பெட்டியைத் தூக்க, முழங்கையைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கை வரும். நானே பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன், இடுப்புக்குப் போகப் பழகிய கை பாதி வழி போய், நின்று, மேலே வந்தது. சட்டைப் பைக்குள் சாவியைப் போட்டேன். எழுபத்தாறு வயதில் என் முதல் பை. நெஞ்சின் மேல் ஒரு தரம் இடித்து அது அங்கேயே தங்கியது. கீழே முனிரத்தினம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறான். பரிமளா தன் வாசலில், துண்டோடு. எதிர்வீட்டுப் பால்கனியில் யாரோ போனைத் தூக்குகிறார்கள், தூக்கட்டும், இந்தத் தடவை நேராகப் பார்க்கிறேன். வேட்டியின் நுனியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன், அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, படிக்கு ஒரு எண், பின்னால் உமாபதியின் கை இன்னும் நீட்டியபடிதான் இருக்கும், நாற்பத்து நான்கு, கழுத்து வழியாகக் காற்று உள்ளே வருகிறது, முப்பத்தேழு, அடுத்தது எதுவாக இருந்தாலும் சரி, சாவி என்னிடம் இருக்கிறது.